கோவலனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். கொலை வழக்கில் பிடிபட்டவர்களை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்துச் சோறு போடுவது வீண், உடனே தூக்கில் போட வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்குச் சான்றாக அவர் காட்டியது திருக்குறள்.

‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.’

வள்ளுவரே சொல்லிவிட்டார், இதற்குமேல் என்ன விசாரணை என்று கடிதத்தை முடித்திருந்தார். நான் மதுரையில் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குறளையும் சிலம்பையும் புறநானூற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே என் காலம் போயிற்று. தூக்குக் கயிற்றுக்குத் தமிழ்க் கவிதையைத் துணைக்கு அழைப்பதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, ஆனாலும் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் அந்தக் குறளை நேராகவே பார்த்துவிடுவோம். கொடிய கொலைகாரர்களை அரசன் கொன்று தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்றுதான் பரிமேலழகர் உரை சொல்கிறது. அதை வளைத்து வேறு பொருள் சொல்ல நான் முயலவில்லை. ஆனால் அது செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறள். அந்த அதிகாரத்தின் முதல் குறள் இது:

‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை.’

குற்றத்தை ஆராய வேண்டும். யாருக்காகவும் வளையக் கூடாது. நடுவில் நின்று, எண்ணிப் பார்த்து, பிறகுதான் செய்ய வேண்டும். இந்த வாசலைத் தாண்டாமல் பத்தாவது குறளுக்கு யாரும் போய்ச் சேர முடியாது. இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால், தண்டிக்கிறவன் கையை ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, அடிக்கும்போது மெல்ல அடிக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர்: ‘கடிதோச்சி மெல்ல எறிக.’ அன்பருக்கு இவை தெரியாமல் இருக்காது. கோபம் வந்தவுடன் நம் கண் பத்தாவது குறளில்தான் போய் விழுகிறது.

களை எது, பயிர் எது என்று ஒருவர் முடிவு கட்டுகிறாரே, அது எப்படி நடக்கிறது? அதை உள்ளே புகுந்து காட்டியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை அன்பர் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். களவு வெளிப்படுவதற்குள் பழியைப் போட ஓர் ஆள் வேண்டும் அவனுக்கு. அந்த நேரம் பார்த்து, கைப்பொருள் எல்லாம் இழந்து புகாரிலிருந்து வந்த கோவலன், மனைவியின் ஒற்றைச் சிலம்பை விற்க அவனிடமே வந்து நிற்கிறான். வெளியூர்க்காரன். மதுரையில் அவனை அறிந்தவர் என்று சொல்ல, ஊருக்கு வெளியே ஆயர் சேரியில் இருக்கிற மாதரியின் வீட்டார்தான். இதைவிட வசதியான ஆள் எவனுக்கும் கிடைக்க மாட்டான்.

அரசன் எந்த நிலையில் இருந்தான்? ஆடல் மகளிரை ரசித்துக்கொண்டிருந்த கணவன்மேல் ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள் கோப்பெருந்தேவி. அவளைச் சமாதானம் செய்யப் பாண்டியன் போய்க்கொண்டிருக்கிறான். வாசலில் பொற்கொல்லன் வந்து வணங்கி, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். ‘கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று காவலருக்குச் சொல்லிவிட்டு அரசன் போய்விடுகிறான். மொத்த விசாரணையும் அவ்வளவுதான். சாட்சி ஒருவன், அவனே திருடன். அரசனுக்கோ மனைவியின் கோபத்தைத் தவிர வேறெதிலும் அப்போது நினைப்பில்லை.

அடுத்து வருவதை எத்தனை முறை நடத்தினாலும் வகுப்பில் என் குரல் தடுமாறும். கொல்லப் போன காவலர்களே கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைப்படும் ஆளாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர்களுக்குத் துணை நிற்கும் எட்டு வழிகளை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அமைதியாக இருக்கிறானே என்று நம்பாதீர்கள், திருடன் அப்படித்தான் இருப்பான் என்பது அவன் வாதம். இப்படி ஒரு வாதத்துக்கு எதிரே எவன் தப்ப முடியும்? முகம் கடுத்தால் கொடியவன், முகம் அமைதியானால் கைதேர்ந்தவன். இன்றைக்கும் ஒருவர் கைதான மறுநாளே தொலைக்காட்சியில் இதைத்தானே கேட்கிறோம்? அவன் கண்ணைப் பாருங்கள், கொஞ்சமாவது வருத்தம் தெரிகிறதா என்கிறார்கள்.

காவலரில் இளைஞன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்கிறான். இவனை விட்டுவிட்டால் அரசன் நம்மைத்தான் வருத்துவான், என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள், ‘கல்லாக் களிமகன் ஒருவன்’, குடித்திருந்தவன், வாளை வீசிவிடுகிறான். முடிந்தது. தயங்கியவர்கள் நான்கு பேராவது இருந்திருப்பார்கள்; குடித்த ஒருவனின் கை முந்திக்கொண்டது.

இந்தப் பகுதி முழுவதிலும் கோவலன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவன்தான் கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னதிலிருந்து வாள் விழுகிற வரைக்கும் அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ‘இந்தச் சிலம்புக்குள் என்ன பரல் இருக்கிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி. அரசன் கேட்டிருக்கலாம், காவலர் கேட்டிருக்கலாம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்தக் கேள்வியைப் பிறகு கண்ணகிதான் கொண்டுவருகிறாள், கணவனின் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து. அப்போதும் பாண்டியன் சொல்கிறான்: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.’ திருடனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது. தங்கள் நாளிதழில் எழுதிய அன்பர் சொல்வதும் சொல்லுக்குச் சொல் இதுவேதான்.

பொதுவாகப் பார்த்தால் அரசன் சொன்னதில் தவறில்லை. திருடனுக்குத் தண்டனை உண்டு. அந்தக் காலத்துச் சட்டம் அது. நின்றவன் திருடன்தானா என்பதில் வந்து விழுந்தது எல்லாம். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி அரியணையிலேயே பாண்டியன் உயிர் விட்டான். தன் தவறுக்கு அவன் கொடுத்த விலையை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் கோவலன் எழுந்து வரவில்லை. கவிதை சொல்கிற கடுமையான உண்மை அதுதான்: கொன்ற பிறகு தெரிகிற உண்மையை வைத்துக்கொண்டு எதுவுமே செய்ய முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். சிலப்பதிகாரம் நடத்துகிற வாரங்களில் மற்ற பிள்ளைகள் அவளைச் சீண்டுவார்கள், உங்க ஆளுதான் கோவலனைக் கொன்னது என்று. ஒருநாள் அவள் எழுந்து, “டீச்சர், அந்தப் பொற்கொல்லன் ஒருத்தன் பொய் சொன்னான். மத்தவங்க என்ன பண்ணாங்க?” என்று கேட்டாள். அவளுக்கு வஞ்சிக் காண்டத்துச் செய்தி தெரியாது. கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணிய, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரை உயிர்ப்பலி கொடுத்தான் என்று நீர்ப்படைக் காதை சொல்கிறது. ஒருவனின் பொய்க்கு ஆயிரம் தலை. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் பெயரும் காவியத்தில் இல்லை. இளங்கோ அதைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. இவ்வளவு பெரிய கவிக்கே அந்த ஆயிரம் பேர் கண்ணில் படாமல் போயினர் என்றால், பழிக்குப் பழி என்று கிளம்பிய பிறகு மனிதக் கண் எவ்வளவு மங்கிவிடுகிறது என்று எண்ணிக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்கு அன்று வகுப்பு முழுவதையும் சேர்த்து உட்காரவைத்து, மற்றவர்கள் ஒன்றுமே செய்யவில்லை அம்மா என்றேன். சீண்டல் அதோடு நின்றது.

இது பழங்கதை, இப்போது செஷன்ஸ் கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட், அப்புறம் குடியரசுத் தலைவரிடம் கருணை மனு என்று எத்தனை வாசல் இருக்கிறது, கோவலன் கதை இனி நடக்குமா என்று அன்பர் கேட்கலாம். நடந்திருக்கிறது. நாசிக் அருகே 2003-இல் ஒரு வீட்டில் ஐந்து பேர் கொல்லப்பட்ட கொடிய வழக்கில், நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைக் கூலிகள் ஆறு பேர் பிடிபட்டனர். 2009-இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதில் மூன்று பேருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றித் தூக்கு கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயிர் தப்பிய பெண், போலீஸ் காட்டிய படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த வழியில் யாரும் விசாரிக்கவே இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் சம்பவம் நடந்தபோது சிறுவர். நான் சொன்ன அத்தனை வாசல்களும் அவர்களுக்கும் இருந்தன. அன்பர் கேட்பதுபோல் ‘உடனே’ தூக்கில் போட்டிருந்தால் 2019-இல் யாரை விடுவித்திருப்பார்கள்?

நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைத் தூக்கிலிருந்து மட்டுமல்ல, சிறையிலிருந்தே வெளியே அனுப்பியது. நால்வருக்குத் தூக்கு நீடித்தது. அவர்களில் பேரறிவாளனும் ஒருவர். அவர்மேல் பெரிதாகப் பேசப்பட்டது ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே, அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பே, 2011 செப்டம்பரில், தூக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதால் தப்பினார். 2022 மே மாதம் விடுதலையானார். அந்தக் குண்டுவெடிப்பில் முன்னாள் பிரதமரோடு சேர்ந்து காவலர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் நான் தலை குனிகிறேன். ஆனாலும் கேட்கிறேன்: குற்றம் சாட்டப்பட்டவன் சொன்னதில் எது எழுதப்பட்டது, எது விடுபட்டது என்று தெரியாமல் கயிற்றை முறுக்கலாமா? கொல்ல வந்தவர்கள் முன்னால் கோவலனுக்கு வாயே இல்லை. இங்கே வாய் இருந்தது, அது சொன்னது தாளுக்கு வரவில்லை.

ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில் ஒரு கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது நம் மக்கள் போலீசார்மேல் பூத் தூவினார்கள். நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2022-இல் கொடுத்த அறிக்கையில், அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்றும், நால்வரில் மூவர் அப்போது பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் இருந்தது. அப்போது தூவிய பூவை யார் திரும்பப் பொறுக்கினார்கள்? ‘கொன்றச் சிலம்பு கொணர்க’ என்ற கட்டளைக்கு மதுரை அன்றைக்குப் பூத் தூவவில்லை. கண்ணகி வீதியில் கதறி வந்தபோது ஊர் மக்கள் அழுதார்கள், இது என்ன கொடுமை என்று மலைத்தார்கள். அந்த ஒரு வகையில் நாம் பின்னால் போய்விட்டோம்.

சரி, கவிதை புலம்ப மட்டும்தானா செய்யும், தடுத்தது உண்டா என்றால், உண்டு. புறநானூற்றின் 46, 47 ஆம் பாட்டுகள். இரண்டும் கோவூர் கிழார் பாடியவை. இரண்டுக்கும் கீழே உள்ள குறிப்பு, அதைக் கொளு என்பார்கள், பாடி உய்யக் கொண்டார் என்று சொல்கிறது. அதாவது கொலையிலிருந்து மீட்டார்.

சோழன் நெடுங்கிள்ளி உறையூரில் இருக்கிறான். அவனுடைய பகைவன் நலங்கிள்ளியிடம் இருந்துவிட்டு, இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் நுழைகிறார். பகைவரின் ஒற்றன் என்று கொல்லத் தொடங்குகிறார்கள். கோவலனின் நிலைமை அப்படியே: வெளியிலிருந்து வந்தவன், சந்தேகம், கையில் ஆயுதத்தோடு அவசரம். ஆனால் இங்கே ஒருவர் எழுந்து பேசுகிறார். பறவை போல் ஊர் ஊராகப் போய்ப் பாடி, கிடைத்ததில் மகிழ்ந்து, சுற்றத்தாருக்கு ஊட்டி, மிச்சம் வைக்காமல் உண்டு, பிறருக்கும் வீசிவிட்டு, மதிப்புக்காக ஏங்கி வாழ்கிற இந்தப் பரிசில் வாழ்க்கை யாருக்காவது தீங்கு நினைக்குமா என்று கேட்கிறார். ஒற்றன் என்று பார்த்த கண்களுக்கு அந்த மனிதனின் அன்றாடத்தை, அவன் பசியை, அவன் வீட்டாரை எடுத்துக் காட்டுகிறார். இளந்தத்தன் பிழைத்தான். அவனுக்காக எழ ஒருவர் இருந்தார், கோவலனுக்கு இல்லை. நம் நாட்டுத் தூக்குக் கைதிகளைப் பற்றி டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்கிறது. தூக்குத் தண்டனை ஏழைமேல்தான் பெரும்பாலும் விழுகிறது என்று நீதிபதி பகவதி, தூக்குத் தண்டனை சட்டப்படி செல்லும் என்று 1980-இல் முடிந்த பச்சன் சிங் வழக்கில் மற்ற நீதிபதிகளோடு உடன்படாமல், பின்னர் தனித் தீர்ப்பாகவே எழுதினார். பணம் உள்ளவனுக்காகப் பேச வக்கீல் கோட்டுகள் வரிசையில் நிற்கும். இல்லாதவனுக்குக் கோவூர் கிழார் எங்கிருந்து வருவார்?

46 ஆம் பாட்டு இன்னும் பெரியது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன், தன் பகைவனான குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். கோவூர் கிழார் எட்டே அடியில் பாடுகிறார். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனின் வழிவந்தவன். இவர்களோ, அறிவை உழுது வாழும் புலவர் வறுமையில் வாடுவதற்கு அஞ்சித் தம்மிடம் இருப்பதைப் பகிர்ந்துண்ணும் குடியில் பிறந்தவர்கள். பிறகு வருகிற அடிகளை நான் அப்படியே தருகிறேன்:

‘களிறுகண் டழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்றுமருண்டு நோக்கி
விருந்திற் புன்கண்நோ வுடையர்
கேட்டனை யாயின்நீ வேட்டது செய்ம்மே.’

யானையைப் பார்த்ததும் அந்தச் சிறுவர்கள் அழுதுகொண்டிருந்த அழுகையை மறந்துவிடுகிறார்கள். குழந்தைகள் இல்லையா, யானை வேடிக்கை. எண்ணெய் காணாத தலை. பிறகு சுற்றியிருக்கும் அவையைப் பார்க்கிறார்கள், ஒரு தெரிந்த முகமும் இல்லை, புதிதாக ஒரு பயம் வருகிறது. அவ்வளவுதான் கவிதை. இவர்கள் குற்றமற்றவர்கள் என்று கோவூர் கிழார் வாதாடவில்லை. பகைவன் பிள்ளை என்பதையும் மறைக்கவில்லை. கொல்லப் போகிறாய், அதற்கு முன் இவர்களைப் பார் என்கிறார். நான் சொன்னதைக் கேட்டாய் என்றால், இனி உன் விருப்பப்படி செய் என்று முடிக்கிறார். கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. பார்த்த பிறகு அரசனால் அதைச் செய்ய முடியவில்லை.

தூக்குத் தண்டனையைக் கவிதை எப்படி எதிர்க்கும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ‘குற்றவாளி எண் 3’ என்று கோப்பில் இருப்பவனைக் கவிதை ஒரு முகமாக்கி நிறுத்திவிடும். அரசு சந்தடி இல்லாமல் செய்ய நினைப்பதை ஆள் பார்க்கச் செய்யவைக்கும். தூக்கை விடியற்காலையில், சிறைக்குள், யாரும் பாராமல்தானே போடுகிறார்கள்.

அன்பர் உடனே கேட்பார்: கோவலன் நிரபராதி, இளந்தத்தன் நிரபராதி, மலையமான் பிள்ளைகள் குழந்தைகள். உண்மையிலேயே கொன்றவனுக்கு என்ன சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று நான் எந்தப் பாட்டையும் சொல்ல மாட்டேன். அவள் வயிறு எரிவதைக் கண்ணகியைப் படித்த எவரும் அறிவார்கள். கண்ணகியின் கோபத்துக்கு மதுரையே எரிந்தது. ஆனால் அரசு என்பது அந்தத் தாயின் வயிறு ஆகிவிடக் கூடாது. அது ‘ஓர்ந்து, கண்ணோடாது’ நிற்க வேண்டிய இடம்.

குற்றம் செய்தவனைப் பற்றியும் கவிதைகள் பேசியிருக்கின்றன. ஆங்கிலக் கவி ஆஸ்கார் வைல்டு ரெடிங் சிறையில் இருந்தபோது, 1896-இல் ஒரு படைவீரரைத் தூக்கிலிட்டார்கள். மனைவியைக் கொன்றவர் அவர். அதைப் பற்றி வைல்டு எழுதிய நீண்ட கவிதை 1898-இல் அவர் பெயர் இல்லாமல், அவருடைய சிறை எண்ணோடு வெளியானது. கொன்றது உண்மை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அந்தக் கவிதை தொடங்குகிறது. பிறகு அந்தச் சிறையில் இருந்த அத்தனை பேரையும் அந்தத் தூக்கு என்ன செய்தது என்று சொல்கிறது.

ஆனால் நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோவலனுக்கு மாதவியிடம் பிறந்த மகள் மணிமேகலை. அப்பன் அநியாயமாக வெட்டுப்பட்டு இறந்தவன். அரசு, தண்டனை, காவலர், வாள் என்றாலே அவளுக்கு வெறுப்புத்தானே வந்திருக்க வேண்டும்? அவள் அமுதசுரபியோடு புகாரின் சிறைக்கோட்டத்துக்குள் போகிறாள். அங்கே பசியில் கிடக்கும் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். அவர்கள் எல்லாரும் நிரபராதிகள் என்று அவள் கதையைப் பாடிய சாத்தனார் எங்கேயும் சொல்லவில்லை. சோழ மன்னன் அவளை அழைத்து, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும்போது, சிறையை இடித்து அறச்சாலை ஆக்கு என்கிறாள். ஆக்குகிறான். காதையின் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. பழிவாங்க எல்லாருக்கும் மேலான உரிமை உள்ள மகள் கேட்டது இது. கைதிக்குச் சோறு போடுவது வீண் என்று எழுதிய அன்பருக்கு இந்த இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுமை செய்தவன் வெளியே உலவக் கூடாது, ஆயுள் முழுக்க உள்ளே இருக்கட்டும். ஆயுள் தண்டனையில் தவறு நேர்ந்தால் கதவைத் திறக்கலாம், தூக்கில் அது முடியாது. ஜீத்தா சிங் என்ற ஒருவரை 1981 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். அதே வழக்கில், அதே பங்கு வகித்த காஷ்மீரா சிங்குக்கு உச்ச நீதிமன்றத்தின் வேறு அமர்வு தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் இந்த வேறுபாடு நீதிபதிகளின் கண்ணில் பட்டது. மூன்று பேர், ஒரே குற்றம், மூன்று விதி. எந்த அமர்வின்முன் போனோம் என்பதில் உயிர் தொங்குகிறது என்றால் அதை முறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் அரசரடியில் குடியிருக்கிறேன். காய்கறி வாங்கப் போனால் புது ஜெயில் ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சிறை வாசலில் மனு போட்டுவிட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். கூடவே பிள்ளைகள் இருக்கும். பள்ளிச் சீருடையிலேயே வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. கோவலனை வெட்டிய இடம் அதுதான் என்று ஊரில் சொல்வார்கள். பேச விடாமல் கொல்லப்பட்ட ஒரு வெளியூர்க்காரனின் பெயரை மறக்காமல் ஓர் இடத்துக்கு வைத்துக் காப்பாற்றி வருகிற ஊர் இது. இந்த ஊரிலிருந்து ‘விசாரணை வேண்டாம், தூக்கு’ என்று ஒரு கடிதம் போவது எனக்கு வலிக்கிறது.

ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். ஒரு கொடிய குற்றம் நடந்து, ஆட்கள் கைதாகி, குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் ஆகாத நிலையில், தூக்கில் போடு, சுட்டுத் தள்ளு என்று வருகிற கடிதங்களைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள். மக்கள் கோபத்தைச் சொல்லட்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன உதவி கிடைத்தது, புலன்விசாரணை எங்கே நிற்கிறது என்று கேட்கட்டும். கைதானவர் தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் ஒரு பத்தியாவது போடுங்கள். பிறகு தீர்ப்பு வரும்போது அதையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள், விடுதலை ஆனாலும்.

இன்னொன்று, அன்பரின் கடிதம் வந்த அதே பகுதியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை, புறநானூற்று 46 ஆம் பாட்டை எளிய உரையோடு முழுதாக வெளியிடுங்கள். எட்டு அடிதான், இடம் அதிகம் பிடிக்காது. உரை எழுத ஆள் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன். என் முகவரி தங்களிடம் உள்ளது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
அரசரடி, மதுரை.